அழுத பிள்ளைக்கு மட்டும்தான் பாலா? உங்கள் தெருவுக்கு நிதி வரும் வழி!

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும். மற்ற நாட்களிலும் மாலையானால் குடும்பம் குடும்பமாக சில்வர் பீச்சுக்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அலை, பெரியவர்களுக்குக் காற்று, எல்லோருக்கும் சுண்டல்.

கடற்கரை ஊர்களுக்கு எப்போதுமே இரண்டு முகம் உண்டு. வந்து போகிறவர்கள் பார்க்கும் முகம் ஒன்று. அங்கேயே வசிப்பவர்கள் தினமும் பார்க்கும் முகம் இன்னொன்று. வந்து போகிறவருக்கு விளக்கும் நடைபாதையும் உட்கார நல்ல இடமும் வேண்டும். வசிப்பவருக்கு மழை பெய்தால் வடியும் தெரு, தண்ணீர் வரும் குழாய், பெண்கள் பயமில்லாமல் போய்வரக் கழிப்பறை வேண்டும். இரண்டுமே நியாயமான தேவைகள்தான். ஆனால் மாநகராட்சியின் கையில் இருக்கும் பணம் ஒன்றுதான். அப்படியானால் எது முதலில்?

'யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான்' என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் அதைத்தான். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால், அழத் தெரியாத தெருவுக்கும் பால் வாங்கித் தர முடியும்.

பீரங்கிக் குண்டு போட்ட எல்லை

'எந்த இடம் யார் கணக்கில் வரும்' என்ற கேள்விக்கு தேவனாம்பட்டினத்தில் ஒரு காலத்தில் பீரங்கி பதில் சொன்னது. 1690-ல் இங்கிருந்த கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். ஆங்கிலேயர்கள் பீரங்கியால் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது.

அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாகவே அது இருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தார். இன்று கெடிலம் ஆற்றங்கரையில் மிச்சமிருப்பது இடிபாடுகள்தான்.

கடலூர் நகராட்சி 1866-ல் உருவானது. 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் 45 வார்டுகளுக்கு மாமன்ற உறுப்பினர்கள் தேர்வானார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஊரில் சுமார் 1.73 லட்சம் பேர். எல்லையை இப்போது குண்டு முடிவு செய்வதில்லை. வார்டு வரைபடம் முடிவு செய்கிறது. ஆனால் அந்த எல்லைக்குள் எந்தத் தெருவுக்கு முதலில் பணம் போகும் என்பது இன்னமும் பலருக்குப் புரியாத புதிராகவே இருக்கிறது.

பணம் ஒரே பானையில் இல்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'மாநகராட்சியில் பணம் இல்லை' என்ற பதிலும் உண்மையாக இருக்கலாம், அதே நாளில் 'மாநகராட்சியில் பணம் கிடக்கிறது' என்பதும் உண்மையாக இருக்கலாம். வீட்டில் கல்யாணத்துக்கென்று போட்ட நகைச் சீட்டுப் பணத்தை எடுத்து மளிகைக்கடை பாக்கி கட்ட மாட்டோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு நிதிக்கும் ஒரு முடிச்சு உண்டு.

*சொந்த வருமானம்:* சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை போன்றவை. இதில் சம்பளம், மின்கட்டணம், குப்பை அள்ளும் செலவு போக மிஞ்சுவதுதான் புது வேலைகளுக்கு. சிறிய ஊர்களில் மிஞ்சுவது குறைவு.

*மாநில நிதிக்குழு மானியம்:* தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது.

*மத்திய நிதிக்குழு மானியம்:* 15-வது நிதிக்குழு, 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 40 சதவீதத்துக்குத்தான் முடிச்சு இல்லை. 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கு. இன்னொரு 30 சதவீதம் சுகாதாரம், குப்பை மேலாண்மைக்கு. அந்தப் பணத்தில் பூங்காவுக்கு ஊஞ்சல் வாங்க முடியாது.

*திட்ட நிதி:* மத்திய அரசின் அம்ருத் 2.0, மாநில அரசு 2021-22-ல் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் என அறிவித்த கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் தனி வழிகாட்டு நெறிமுறை இருக்கும்.

*தொகுதி நிதி:* எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி. நிதியில் குறைந்தது 15 சதவீதம் ஆதிதிராவிடர் வசிக்கும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்பது விதி.

ஆகவே, 'எங்கள் தெருவுக்கு எப்போது செய்வீர்கள்?' என்று கேட்பதைவிட 'எங்கள் தெரு வேலை எந்த நிதியில் வரும்?' என்று கேட்பது பலன் தரும். கழிப்பறைக்குச் சுகாதார மானியம் காத்திருக்கலாம். நாம் பொது நிதியில் இடம் இல்லையே என்று அழுதுகொண்டிருப்போம்.

ஒரு மனு சாலையாக மாறும் வழி

கவுன்சிலரிடம் ஒரு மனு கொடுக்கிறோம். அதன் பிறகு என்ன நடக்கிறது?

உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து, அளந்து, மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அது மாமன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வர வேண்டும். நிதி எதுவென்று குறித்து நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி வாங்க வேண்டும். பிறகு டெண்டர். பிறகு பணி ஆணை. அதன் பிறகுதான் ஜல்லி லாரி தெருவுக்குள் வரும்.

இந்தப் பாதையில் பெரும்பாலான கோரிக்கைகள் சிக்கி நிற்பது முதல் படியில். மதிப்பீடு இல்லாத கோரிக்கை வெறும் ஆசை. மேலிடத்திலிருந்து திடீரென்று ஒரு நிதி வந்து, 'இந்த மாதத்துக்குள் வேலைப் பட்டியல் அனுப்புங்கள்' என்று சொன்னால், யார் தெருவுக்கு மதிப்பீடு ஏற்கெனவே தயாராக இருக்கிறதோ அந்தத் தெருதான் பட்டியலில் ஏறும். தேவை அதிகமுள்ள தெரு கையில் காகிதம் இல்லாமல் வாசலில் நிற்கும்.

ஒரு உதாரணம் பாருங்கள். 2022 ஆகஸ்ட்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி, 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டம் அதுதான். ஒரு தொகுதி முழுவதற்கும் பத்தே பத்து. அதற்கும் 15 நாள்தான். அந்த நேரத்தில் கணக்கோடும் அளவோடும் தயாராக இருந்த கோரிக்கைகளுக்குக் கூடுதல் வாய்ப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் நியாயமா?

சண்டை வராமல் இருக்கப் பல ஊர்களில் எளிய வழி ஒன்றைக் கையாள்கிறார்கள். இருக்கும் பணத்தை வார்டு எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. கணக்குக்கு 45 கோடி இருந்தால், 45 வார்டுக்குத் தலா ஒரு கோடி. எந்தக் கவுன்சிலருக்கும் கோபம் வராது.

ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு சோறு வைப்பது போன்றது அது. ஏற்கெனவே வடிகாலும் சாலையும் விளக்கும் உள்ள வார்டு அந்த ஒரு கோடியில் நடைபாதைக்குப் புது டைல்ஸ் போடும். எதுவுமே இல்லாத வார்டு அதே ஒரு கோடியில் ஒரு தெருவுக்கு வடிகால் போட்டு, மீதித் தெருக்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும். பத்து ஆண்டு இப்படியே போனால் இரண்டு வார்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும்.

இதற்கு உலகம் கவனித்த ஒரு மாற்று வழி பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரிலிருந்து வந்தது. 1989-ல் அந்த நகரம் பட்ஜெட் போடும் வேலையில் மக்களையும் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு பகுதி மக்களும் கூடி, குடிநீரா, சாக்கடையா, சாலையா, பள்ளியா என்று தங்கள் வரிசையைச் சொன்னார்கள். நகர நிர்வாகம் அந்த வரிசையை மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பகுதியில் எத்தனை பேர் வசிக்கிறார்கள், அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் போட்டது. இல்லாமை அதிகமுள்ள இடத்துக்குக் கூடுதல் மதிப்பெண். சத்தம் போடத் தெரியாதவருக்கும் அந்தக் கணக்கு இடம் கொடுத்தது.

அமெரிக்காவில் 1974 முதல் நகரங்களுக்குச் சமூக மேம்பாட்டு மானியம் ஒன்று தரப்படுகிறது. அதில் குறைந்தது 70 சதவீதமாவது குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்படும் வேலைகளுக்குச் செலவாக வேண்டும் என்பது நிபந்தனை. கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளின் முடிவுக்கே விட்டது. புனே மாநகராட்சி 2006 முதல், குடிமக்கள் தங்கள் பகுதிக்கான சிறு வேலைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தால் பட்ஜெட்டில் சேர்க்கப் பரிசீலிக்கிறது.

ஐந்து கோரிக்கை, ஐம்பது லட்சம்: நீங்களே முடிவு செய்யுங்கள்

இப்போது ஒரு விளையாட்டு. நீங்கள்தான் கவுன்சிலர். உங்கள் கடலோர வார்டுக்கு 50 லட்ச ரூபாய் வந்திருக்கிறது. ஐந்து கோரிக்கைகள். (வார்டும் தொகைகளும் புரிவதற்காகப் போட்ட கற்பனைக் கணக்கு.)

1. தாழ்வான தெருவுக்கு மழைநீர் வடிகால்: 30 லட்சம்
2. மீன் விற்கும் பெண்கள் பயன்படுத்தும் பொதுக் கழிப்பறையைச் சீரமைப்பது: 10 லட்சம்
3. அதே தாழ்வான தெருவுக்கு சிமென்ட் சாலை: 25 லட்சம்
4. முக்கியச் சந்திப்பில் உயர்கோபுர விளக்கு: 8 லட்சம்
5. குடியிருப்பு நகருக்குள் பூங்கா: 20 லட்சம்

மொத்தம் 93 லட்சம். கையில் இருப்பது 50.

மனம் போன போக்கில் போனால் பூங்காவும் சாலையும் ஜெயிக்கும். இரண்டையும் திறப்பு விழா வைத்துக் காட்டலாம். வடிகால் மண்ணுக்குள் போய்விடும். யாரும் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க மாட்டார்கள்.

ஆகவே மதிப்பெண் போடுவோம். அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவு என்பதற்கு 40. எத்தனை பேருக்குப் பயன் என்பதற்கு 20. தள்ளிப்போட்டால் என்ன ஆபத்து என்பதற்கு 20. இடம், அனுமதி எல்லாம் தயாரா என்பதற்கு 10. கட்டிய பிறகு பராமரிக்க ஆளும் பணமும் உண்டா என்பதற்கு 10.

வடிகால்: 38, 12, 19, 7, 7. மொத்தம் 83.
கழிப்பறை: 35, 14, 14, 9, 6. மொத்தம் 78.
விளக்கு: 12, 18, 8, 9, 7. மொத்தம் 54.
சாலை: 20, 14, 8, 3, 8. மொத்தம் 53.
பூங்கா: 15, 15, 4, 8, 5. மொத்தம் 47.

வடிகால் 30, கழிப்பறை 10, விளக்கு 8. ஆக 48 லட்சம். இரண்டு லட்சம் மிச்சம்.

சாலைக்கு 'தயார்நிலை'யில் ஏன் மூன்றே மதிப்பெண்? அந்தத் தெருவில் இன்னும் வடிகால் போடவில்லையே. சாலையை முதலில் போட்டால் ஆறே மாதத்தில் வடிகாலுக்காகத் தோண்டுவார்கள். பாதாளச் சாக்கடைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்த கடலூரில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் போகும் வேலை முதலில், மேலே தெரியும் வேலை பிறகு. அடுத்த ஆண்டு சாலைக்கு இதே அட்டவணையில் மதிப்பெண் ஏறிவிடும்.

உங்கள் மதிப்பெண் இதிலிருந்து மாறலாம். மாறட்டும். முக்கியமானது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது வேலையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். தேர்ந்தெடுத்த பிறகு காரணம் தேடினால் எந்தத் தெருவுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

பூங்கா கேட்டவர்கள் என்ன செய்வார்கள்?

பூங்கா கேட்ட நகர்வாசிகள் ஏமாந்து போக வேண்டியதில்லை. அவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் 'நமக்கு நாமே' திட்டம்.

கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்தபோது 1990-களில் தொடங்கிய திட்டம் இது. 2011-க்குப் பிறகு 'தன்னிறைவுத் திட்டம்' என்ற பெயரில் இதே பாணியில் நடந்தது. 2021-ல் மீண்டும் பழைய பெயரோடு வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு, நூலகம் போன்ற வேலைகளுக்குப் பொதுவாகத் திட்ட மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். குடியிருப்போர் சங்கமோ, நிறுவனமோ, ஊர்க்காரர் ஒருவரோ தரலாம்.

நம் கற்பனை வார்டில் பூங்காவுக்கு 20 லட்சம். மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 6 லட்சத்து 67 ஆயிரம். நூறு வீடுகள் உள்ள நகரில் வீட்டுக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு. சங்கம் கூடி முடிவு செய்தால் திரட்டிவிடலாம்.

ஆனால் இதே கணக்கைத் தாழ்வான தெருவுக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்ச வடிகாலுக்குப் பத்து லட்சம் வேண்டும். கடலுக்குப் போனால்தான் அன்றாடம் அடுப்பு எரியும் வீடுகள் அந்தப் பத்து லட்சத்துக்கு எங்கே போகும்? மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் கிடைக்கும் நிவாரணத் தொகையா வடிகாலுக்குப் போகும்?

பங்களிப்புத் திட்டம் நல்ல திட்டம்தான். ஊர் வேலை என்ற உணர்வு வருகிறது. கட்டியதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடைக்கிறது. ஆனால் அதை மட்டும் விட்டால், பணம் கொண்டுவர முடிந்த தெருவுக்கே அரசுப் பணமும் சேர்ந்து போகும். இதை அரசும் உணர்ந்துதான் இருக்கிறது. கிராமப்புறங்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வசிக்கும் பகுதிகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று விதி வைத்தது அதனால்தான்.

மாநகராட்சி ஒன்று செய்யலாம். பங்கு போட முடிந்தவர்களை 'நமக்கு நாமே' வாசலுக்கு அழைக்கலாம். அதனால் மிச்சமாகும் பொது நிதியை, பங்கு போட முடியாத தெருவுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். இரண்டாவதைச் செய்தால்தான் முதலாவதும் நியாயம். இல்லாவிட்டால் அழுத பிள்ளைக்குப் பால். காசு வைத்திருக்கும் பிள்ளைக்குப் பாலோடு பூஸ்ட்டும்!

கடல் கற்றுக்கொடுத்த பாடம்

தேவனாம்பட்டினத்துக்கு வரிசையின் அருமை புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரிதும் பாதிக்கப்பட்ட மீனவர் ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று.

அதன் பிறகு தமிழகக் கடற்கரைக்கு உலகமெங்கும் இருந்து உதவி வந்தது. மனது நிறைந்த உதவி. ஆனால் படகுக்குக் கிடைத்த முன்னுரிமை மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. படகு கண்ணுக்குத் தெரியும்; அதன் மேல் உதவியவர் பெயரை எழுதலாம். படகு சொந்தமில்லாமல் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர்கள், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள், கடலை நம்பி வாழ்ந்தாலும் மீனவர் கணக்கில் வராத கூலித் தொழிலாளர்கள் ஆகியோர் பல இடங்களில் வரிசையின் கடைசியில்தான் நின்றார்கள். பணம் தாராளமாக இருந்த நேரத்திலேயே இப்படி என்றால், பணம் இறுக்கமாக இருக்கும் சாதாரண நாளில் வரிசையை எவ்வளவு கவனமாகப் போட வேண்டும்!

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது ஊர். பிற்பாடு உலக வங்கி உதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் குறைப்புத் திட்டத்தில், கடலூர் நகரில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகும் வேலை சேர்ந்தது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே முதலில் என்று பார்த்ததால் கிடைத்த வேலை அது. 2015 மழை வெள்ளமும் 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் அதே பாடத்தைத் திரும்பச் சொல்லிவிட்டுப் போயின.

ஆகவே, கடலோர ஊரின் மதிப்பெண் பட்டியலில் 'ஆபத்து' என்ற வரிக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். மலையடிவார ஊரில் அது வேறாக இருக்கலாம். எந்த ஊர் எதற்கு எடை கொடுக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

பேச ஓர் இடம் வந்திருக்கிறது

கிராமத்துக்குப் பல ஆண்டுகளாகக் கிராம சபை உண்டு. குடியரசு தினத்தன்றோ காந்தி ஜெயந்தியன்றோ மரத்தடியில் கூடிக் கேள்வி கேட்கலாம். நகரத்தில் அப்படி ஓர் இடமே இல்லாமல் இருந்தது. 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம்கூட 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. அந்தக் கணக்கில் கடலூர் வராது.

தமிழக அரசு 2022-ல் விதிகளைக் கொண்டுவந்து, நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க வழி செய்தது. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதல்வரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார்.

பகுதியின் தேவைகளை எடுத்துச் சொல்லி, எது முன்னால் எது பின்னால் என்று பேசும் இடம் இதுதான். ஆனால் கூட்டத்துக்குப் போனால்தான் சபை. போகாவிட்டால் அது நாற்காலிகள் மட்டும் உள்ள பந்தல். கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். காலையில் மீன் ஏலத்துக்குப் போகும் பெண்களும் கடலுக்குப் போன ஆண்களும் வரமுடியாத நேரத்தில் வைத்தால், வீட்டில் இருப்பவர்களின் தேவை மட்டும்தான் பதிவாகும். 'மாலையில் வையுங்கள்' என்பதே ஒரு கோரிக்கைதான்.

நாம் என்ன செய்யலாம்?

*அளவோடு எழுதுங்கள்.* 'தெரு மோசம்' என்று எழுதினால் பொறியாளருக்கு எதுவும் புரியாது. 'தெருவின் நீளம் 180 மீட்டர், 64 வீடுகள், மழை நின்றபின் மூன்று நாள் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு பேர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள்' என்று எழுதினால் மதிப்பீட்டில் பாதி முடிந்தது. தேதி தெரியும்படி செல்போனில் எடுத்த படத்தையும் சேருங்கள்.

*தெருவுக்கு ஒரே ஒரு முதல் கோரிக்கை.* பத்து கோரிக்கையை ஒரே மனுவில் எழுதினால், அதில் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு 'மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடித்துவிடலாம். தெருவில் நீங்களே கூடிப் பேசி வரிசை போட்டுக்கொண்டு போங்கள்.

*தீர்மானத்தில் ஏறியதா என்று பாருங்கள்.* பகுதி சபையில் பேசியதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத பேச்சு காற்றோடு போச்சு.

*எந்த நிதி என்று கேளுங்கள்.* மதிப்பீடு தயாராகிவிட்டதா, எந்தத் திட்டத்தில் அனுப்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணிலும் குறையைச் சொல்லலாம்.

*பக்கத்துத் தெருவையும் பாருங்கள்.* இதுதான் கொஞ்சம் கஷ்டமான காரியம். நம் தெருவைவிடப் பக்கத்துத் தெரு மோசமாக இருந்தால், 'அவர்களுக்கு முதலில் செய்யுங்கள், அடுத்தது எங்களுக்கு' என்று சபையில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் மூத்த பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுப்பதைத் தள்ளிவைத்து, காய்ச்சலில் கிடக்கும் கடைக்குட்டிக்கு மருந்து வாங்குவதில்லையா? மூத்தவன் முகம் கொஞ்ச நேரம் வாடும். ஆனால் அவனுக்கும் தெரியும், அடுத்த மாதம் தன் முறை என்று. அந்த நம்பிக்கை வர வேண்டுமானால், வரிசை எழுத்தில் இருக்க வேண்டும். போன ஆண்டு இரண்டாவதாக நின்றவர் இந்த ஆண்டு முதலாவதாக வர வேண்டும்.

சில்வர் பீச்சை நீலக்கொடிச் சான்றிதழ் பெறும் தரத்துக்கு மேம்படுத்த அரசு முயன்று வருகிறது. நல்லதுதான். கடற்கரை சுத்தமாக இருந்தால் ஊருக்கே பெருமை, வியாபாரமும் பெருகும். அடுத்த முறை அங்கே காற்று வாங்கப் போகும்போது, திரும்பி வரும் வழியில் ஊருக்குள் ஒரு தெரு வழியாக நடந்து வாருங்கள். வடிகால் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் சொந்தத் தெருவுக்குத் திரும்பி அதே கண்ணோடு பாருங்கள். இரண்டு தெருவில் எதற்கு முதலில் என்று நேர்மையாக உங்களால் சொல்ல முடிந்தால், உங்கள் வார்டின் பகுதி சபையில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி காத்திருக்கிறது.